அறிவுச்செல்வி வீட்டுக் கிரேக்கன்

நாகல் நகரில் அறிவுச்செல்வி டீச்சர் வீட்டுக்குப் போக ஆட்டோக்காரர்களிடம் தெருப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. "அம்மணச் சிலை நிக்குமே, அந்த வீடா?" என்று அவர்களே கேட்பார்கள். சிலை நின்றது தெருவில் அல்ல, வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம். கதவு திறந்திருந்தால் வாசலிலிருந்தே தெரியும். திண்டுக்கல் வெக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இடுப்பு உயர வெள்ளை பிளாஸ்டர் சிலை. தலை கிடையாது. இரண்டு கைகளும் தோளோடு போயிருந்தன. வாலிபன் உடம்பு, மேலே ஒட்டுத் துணி இல்லை. வலது காலை ஒட்டி, அதே பிளாஸ்டரில், ஒரு சின்ன மரக்கட்டை முட்டுக் கொடுத்தது. டீச்சரின் கணவர் பொன்னுத்துரை உரக்கடை வைத்திருந்தவர். விருந்தாட்கள் வந்தால் தோள் துண்டை எடுத்துச் சிலையின் இடுப்பில் போட்டுவிடுவார். தீபாவளிக்குத் தீபாவளி, "ஒங்காளுக்கு ஒரு வேட்டி எடுத்துட்டு வரவா?" என்று கேட்பார். "இந்த வெயிலுக்கு அவனாவது காத்தாட இருக்கட்டும்" என்பாள் அவள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் ஓடிய பேச்சு அது.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் கிரேக்கன்.

அறிவுச்செல்வியின் அப்பா அய்யலூர்ப் பக்கத்துச் சம்சாரி. கடலையும் சோளமும் போட்டு, ஆடு வளர்த்துச் சந்தைக்கு ஓட்டியவர். மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். வைத்ததோடு சரி. சென்னை ஓவியக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தபோது, "அம்புட்டுத் தூரம் போயித்தான் படம் வரையணுமாக்கும்? இங்கன உக்காந்தே வரை" என்று சொல்லிவிட்டார். அவள் மதுரையில் ஓவிய ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். அது காலையில் பஸ் ஏறி இருட்டுவதற்குள் திரும்பும் தூரம்.

அங்கே வெள்ளைக்காரன் காலத்து ஓவியக் கூடம் ஒன்று இருந்தது. கிரேக்கன் அதில்தான் நின்றான். கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்குச் சிலைக்கு அச்செடுத்து வார்த்த நகல் அவன். அந்தப் பளிங்கும் நகல்தான். அதற்கு மூலம் ஒரு வெண்கலம், என்றோ உருக்கப்பட்டுக் காணாமல் போனது. வெண்கலம் தன் பாரத்தைத் தானே தாங்கும், கல்லுக்கு அது முடியாது, அதனால் சேர்த்த முட்டுதான் அந்த மரக்கட்டை என்று ஓவிய வாத்தியார் சொன்னார்.

முதல் நாள் அறிவுச்செல்வி வரைந்ததைப் பார்த்துவிட்டு அவர், "இவன் நிக்கிறானா, இல்ல கொடிக்கம்பம் மாதிரி நட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. "எந்திரிம்மா. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நில்லு." நின்றாள். "இப்ப எந்தக் கால்ல ஒன் பாரம் இருக்கு?"

வலது காலில் இருந்தது. இடது முட்டி தளர்ந்து சும்மா கிடந்தது. வலது இடுப்பு ஏறியிருந்தது, அந்தப் பக்கத்துத் தோள் இறங்கியிருந்தது. தன் முதுகெலும்பு லேசாக வளைந்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் உணர்ந்தாள். கிரேக்கர்களும் முதலில் விறைத்த சிலைகளையே செதுக்கினார்களாம். பிறகு ஒருவன் ஒரு முட்டியை மட்டும் தளர்த்தினான். அதிலிருந்து கல் மூச்சு விட ஆரம்பித்தது. இடுப்புக்கோடு ஒரு பக்கம் சரிய, தோள்கோடு மறுபக்கம் சரியும். அந்த இரண்டு கோட்டையும் பிடித்துவிட்டால் ஆளைப் பிடித்த மாதிரி. அவள் பிடித்துக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து, அவள் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட டீச்சராகி, மகள் தமிழ்மதியும் பிறந்த பிறகு, அந்தக் கூடத்தை இடித்துக் கம்ப்யூட்டர் அறை ஆக்கினார்கள். சிலைகளைச் சுவரோரம் தூக்கிப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுக் கணவரிடம் சொன்னாள். பொன்னுத்துரை உரக்கடை வேனை எடுத்துக்கொண்டு போனார். யூரியா சாக்கைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து இறக்கினார். "தல இல்ல, கை இல்ல. இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார்தான். ஆனால் ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து வைத்தவரும் அவரே.

அவருடைய தங்கை முத்துப்பேச்சிக்குத்தான் ஆகவில்லை. பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். வரும்போதெல்லாம் சிலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். "பின்னமானதை வீட்டுல வைக்கக் கூடாதுங்க அண்ணி. மூக்கு உடைஞ்ச சாமியவே ஆத்துல விட்டுருவாங்க. இது வெறும் முண்டமுங்க." அவள் சொன்னதில் தப்பில்லை. ஊர் வழக்கம் அதுதான். உடைந்த உருவத்தை யாரும் குப்பையில் போட மாட்டார்கள், வீட்டிலும் வைக்க மாட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஓடும் தண்ணீரில் விடுவார்கள்.

அறிவுச்செல்வி சிரித்துவிட்டு முறுக்குத் தட்டை நீட்டுவாள். பள்ளி விட்டு வந்தால் காபியோடு அவன் எதிரில் உட்காருவது அவள் வழக்கம். கிரேக்கர்களைப் பற்றித் தமிழில் கிடைத்ததையெல்லாம் நூலகத்தில் எடுத்துப் படித்தாள். விரலுக்கு உள்ளங்கை, உள்ளங்கைக்கு முழங்கை என்று பாகத்துக்குப் பாகம் உள்ள அளவில்தான் அழகு இருக்கிறது என்று அவர்கள் நம்பியது அவளுக்குப் பிடித்தது. நல்வாழ்வு என்பது மனசுக்குள் வந்து போகும் சந்தோஷம் இல்லை, ஆயுசு முழுக்கச் செய்து முடிக்க வேண்டிய வேலை என்றதும் பிடித்தது. ஆசையை அவர்கள் வறுமைக்குப் பிறந்த பிள்ளை என்று சொன்னது மட்டும் சுருக்கென்று தைத்தது. இல்லாததின் மேல்தான் ஆசை வரும். கையில் கிடைத்த நிமிஷம் அது எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும்.

அவளுக்குக் கிரேக்கன் கிடைத்தான். ஆசை பளிங்குக்குப் போய்விட்டது. ஒருமுறை, ஒரே முறை, கடல் கடந்து போய் அந்தப் பளிங்கின் எதிரில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் எடுத்தாள். தமிழ்மதி கல்யாணம் வந்தது. மாமியார் படுக்கையில் விழுந்தார். பொன்னுத்துரைக்கு நெஞ்சு வலி வந்தது. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தாள், கொரோனா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை, அது காலாவதி ஆனது.

போன வருஷம் ஒரு நாள் காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தி கையை விட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின.

ஆஸ்பத்திரியில் இருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடம் மாறியிருந்தது. தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தும் வாடகைக் கட்டில், சக்கர நாற்காலி, மூத்திரச் சட்டி, மெழுகுத்துணி. வேடசந்தூர் பக்கத்துப் பெண் ஷைனி வந்து சேர்ந்திருந்தாள். வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள், வேலையில் சுத்தம், வாயில் தாட்சண்யம் கிடையாது.

கட்டிலில் படுத்ததும் அறிவுச்செல்வி தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கிரேக்கன் இல்லை. சிவப்புத் தரையில் அவன் பீடம் இருந்த இடம் மட்டும் வெளுத்த சதுரமாக இருந்தது.

"அதுதான்" என்றாள்.

அந்த நோயில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வரும். அவளுக்கு மிஞ்சியது "அதுதான்."

"என்னம்மா, தண்ணியா?" என்றாள் ஷைனி.

"அதுதான். அதுதான்."

தண்ணீர் வந்தது. தட்டிவிட்டாள். சட்டி வந்தது. தட்டிவிட்டாள். டிவியைப் போட்டார்கள். இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். பொன்னுத்துரை எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு, "வெளிச்சம் கூசுதாக்கும்" என்று ஷைனியிடம் சொன்னார். சொன்னபோது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதன் பிறகு அவள் எதற்கும் ஒத்துழைக்கவில்லை. பயிற்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டாள். காலை மடக்கி நீட்டினால் மரக்கட்டை போலக் கிடந்தாள். ஷைனி அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பாள், புண் வராமல் முதுகில் பவுடர் போடுவாள், குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்கால் அடியில் துண்டைச் சுருட்டி வைப்பாள். எல்லாம் செய்துவிட்டுத் திட்டவும் செய்வாள்.

"டீச்சரம்மா, நான் பாத்தவுகள்ல எம்பது வயசுக்காரவுக எந்திரிச்சு நடந்துருக்காக. நீங்க என்னமோ பரீட்சைக்குப் படிக்காத புள்ள மாதிரி கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கீக. இப்படியே கெடந்தா காலு கட்டையாப் போயிரும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது, ஆமா."

அறிவுச்செல்வி அந்தக் கட்டிலில் கிடந்து யோசித்தாள். கிரேக்கத் தத்துவத்தில் மூன்று கட்டில் உண்டு. கட்டில் என்ற எண்ணம், அதைப் பார்த்துத் தச்சன் செய்யும் கட்டில், தச்சன் செய்ததைப் பார்த்து ஓவியன் தீட்டும் கட்டில். ஓவியன் உண்மையிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறான் என்பது அதன் சாரம். படித்த காலத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது நாலாவதாக ஒரு வாடகைக் கட்டில் இருப்பதும், அதில் கிடப்பவள் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருப்பதும் தெரிந்தது. எட்டிப் பார்க்க ஒரு நகல் இருந்தது. அதையும் காணோம்.

ஒரு நாள் ஷைனி மருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொண்டுவந்து இடது கையில் கொடுத்தாள். "பேச வரலேன்னா எழுதுங்க. டீச்சருதான நீங்க?"

எழுத்து வரவில்லை. சொல் போன இடத்துக்கே எழுத்தும் போயிருந்தது. ஆனால் கோடு போகவில்லை. இடது கையால், நடுங்கி நடுங்கி, வலப்பக்கம் இறங்கும் ஒரு சாய்கோடு போட்டாள். அதற்குக் கீழே இடப்பக்கம் இறங்கும் இன்னொரு கோடு. இரண்டையும் சேர்த்து, வளைந்த ஒரு நெடுங்கோடு.

ஷைனி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, ஏணி சாஞ்சு கெடக்கு? ஐயா, இங்கன வாங்களேன்."

பொன்னுத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எத்தனையோ வருஷம் அவள் காபி குடித்துக்கொண்டே பார்த்த தோளும் இடுப்பும் முதுகும் அவை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ அறிவு, கோவிச்சுக்காத" என்றார். "நீ ஐசியூல கெடந்த. டாக்டரு கையப் பெசையுறாரு. பேச்சிதான், கை இல்லாத உருவம் வீட்டுல நின்னதுலதான் அண்ணிக்குக் கை போச்சுன்னு அழுதா. நான் என்னத்தச் சொல்ல? பூச வச்சு, என் புது வேட்டியவே கட்டிவிட்டு, கார்ல ஏத்தி அனுப்பிட்டேன். சாமியக் கும்புடுற மாதிரி கும்புட்டுத்தான் அனுப்புனேன். தண்ணியில விட்டுருவான்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன்."

அவள் வாய் கோணிக்கொண்டது. அழுகையா கோபமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

"இரு, இரு. இன்னும் விடல. வாய்க்கால்ல தண்ணி இல்ல. மோட்டார் ரூம்லதான் வச்சிருக்காளாம். அணை தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்ததும் விடுவேன்னு அன்னைக்குச் சொன்னா."

"அதுதான்" என்றாள் அவள். இந்த முறை யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொன்னுத்துரை உடனே போன் போட்டார். முத்துப்பேச்சி எடுத்து, "நல்லா இருக்காங்களா அண்ணி? கால் அசைக்கிறாங்களா?" என்று கேட்டாள். சிலை பேச்சை எடுத்ததும், "சிக்னல் கெடைக்கலீங்கண்ணா" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. அடுத்த நாள் கேட்டதற்கு, "அதை இப்பத் தொடக் கூடாதுங்க, நாள் நல்லா இல்லீங்க" என்றாள். தம்பி மகனை அனுப்பி எடுத்துவரச் சொல்லட்டுமா என்றால், "வேண்டாமுங்க, வேண்டவே வேண்டாமுங்க" என்று பதறினாள்.

"அவ தர மாட்டா. நேர்ல போனாத்தான் ஆகும். நான் மட்டும் போனா என்னைய ஒக்காத்தி வச்சு இளநி வெட்டிக் குடுத்து அனுப்பிருவா" என்றார் பொன்னுத்துரை.

அறிவுச்செல்வி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்களா?" என்றாள் ஷைனி. "கார்ல ஏத்தணும்னா நீங்க எந்திரிச்சு நிக்கணும். ஒரு திருப்புத் திரும்பி சீட்டுல உக்காரணும். குண்டுக்கட்டாத் தூக்கிப் போட நான் லோடுமேன் இல்ல. நிக்கிறீகளா?"

அன்று சாயங்காலமே அவள் பயிற்சிக்குக் கண்ணைத் திறந்தாள்.

நிற்பது என்பது சின்ன வேலை இல்லை. படுக்கையிலேயே கிடந்த உடம்பு முதலில் உட்காரவே பழக வேண்டும். உட்கார்ந்தால் வலது பக்கம் சரியும். மூளை அந்தப் பக்கத்தை மறந்துவிட்டிருக்கும். ஷைனி அவள் இடுப்பில் பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாரத்த எடதுகால்ல குடுங்க. இப்ப மெதுவா வலதுக்கு மாத்துங்க" என்று சொல்வாள். அறிவுச்செல்விக்கு அது புதுப்பாடம் இல்லை. ஒரு காலில் பாரம், ஒரு காலில் தளர்வு, இடுப்பு ஒரு சரிவு, தோள் மறு சரிவு. முன்பு கண்ணால் செய்ததை இப்போது எலும்பால் செய்ய வேண்டியிருந்தது. வெளுத்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் அங்கே நிற்பதாக வைத்துக்கொண்டு, அவனைப் போல நிற்கப் பார்ப்பாள். முட்டி மடியும். ஷைனி பட்டையை இழுத்து நிறுத்துவாள். "விழுந்தா என் பேருல்ல கெட்டுப் போகும்" என்பாள்.

பேப்பரில் அணை நீர்மட்டம் போட்டால் பொன்னுத்துரை சத்தமாக வாசிப்பார். ஏறிக்கொண்டே இருந்தது. அறிவுச்செல்வி சாப்பிடாமல்கூட இருந்தாள், பயிற்சியைத் தவறவிடவில்லை. நாலு கால் ஊன்றுகோல் வந்தது. கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தானே மாறினாள். வலது கை மட்டும் துணி போலத் தொங்கியது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தாள்.

தமிழ்மதி ஓசூரிலிருந்து வீடியோவில் வந்து, "அம்மா, உனக்கு அந்தச் சிலையா முக்கியம்? ஒடம்பப் பாரும்மா" என்றாள். அறிவுச்செல்வி போனை ஷைனி கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்று காட்டினாள்.

நீர் திறக்கும் சேதி வந்த மறுநாள் காலை நியாஸின் காரில் கிளம்பினார்கள். நாகல் நகர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது சொந்தக் கார் வைத்திருப்பவன். "டீச்சர், ஏழாம் வகுப்புல என் வாழப்பழத்தப் பாத்து இது பூசணியான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். முன்சீட்டைப் பின்னால் தள்ளி வைத்து அவளை உட்கார வைத்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு தடவை நிறுத்தி, ஷைனி அவளை இறக்கிச் செத்த நேரம் நிற்க வைத்து மறுபடி ஏற்றினாள்.

பழனி தாண்டிப் பாலசமுத்திரம் பக்கம் திரும்பியதும் ரோட்டோரம் வாய்க்கால் கூட வந்தது. கரை முட்டத் தண்ணீர். தென்னை மட்டையும் செருப்பும் மிதந்து போயின.

பொன்னுத்துரை பின்சீட்டில் இருந்து கையை நீட்டி அவள் தோளில் வைத்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊறினால் பிளாஸ்டர் வெறும் மாவு. எந்த இடத்தில் முதலில் கரையும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

தோப்பு வாசலில் கார் நின்றது. முத்துப்பேச்சி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணனைப் பார்த்து முகம் வெளுத்தது. பிறகு முன்கதவு திறப்பதைப் பார்த்தாள்.

ஷைனி உதவ வந்தாள். அறிவுச்செல்வி இடது கையால் அவளைத் தடுத்தாள். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினாள். இடது காலை இறக்கினாள், வலது காலை இழுத்து வைத்தாள், எழுந்தாள். ஒரு ஆட்டம் ஆடி நின்றுவிட்டாள். பாரம் இடது காலில். வலது முட்டி தளர்ந்து கிடந்தது.

முத்துப்பேச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏத்தா, என்னத்துக்கு அழுகுற? விட்டுட்டியா?" என்றார் பொன்னுத்துரை.

"இல்லீங்கண்ணா. தூக்கத்தான் போனேனுங்க, நீங்க போன் போடறதுக்கு முன்னயே, எடம் மாத்தி வைக்கலாம்னு. கால் ஒடைஞ்சு என் கையோட வந்துருச்சுங்க. வலது காலு. பின்னமானதை நானே மறுபடி பின்னமாக்கிப் போட்டேனுங்க. கையில்லாம நின்னதுக்கே அண்ணிக்குக் கை போச்சு, இப்ப நான் கால ஒடைச்சதுக்கு அண்ணிக்குக் காலும் திரும்ப வராமலே போயிருமோன்னு..." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "தெனமும் வெளக்கு வச்சேனுங்க. அண்ணி கால மட்டும் விட்டுருன்னு அந்த முண்டத்துக்கிட்டயே கெஞ்சினேனுங்க. போன்ல எப்படிங்க சொல்லுவேன்?"

அறிவுச்செல்வியின் தொண்டையில் ஏதோ சத்தம் கேட்டது. ஷைனி பதறிப் போய்ப் பட்டையைப் பிடித்தாள். அழுகை இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. இடது பக்கம் மட்டும் ஏறிய கோணல் சிரிப்பு, உடம்பெல்லாம் குலுங்கியது.

"சிரிக்கிறாங்க பாருங்க" என்று முத்துப்பேச்சி அழுகையோடு கோபித்துக்கொண்டாள். "எனக்கு உசுரு போயிருச்சு, இவங்களுக்குச் சிரிப்பு!"

மோட்டார் அறை கிணற்றடியில் இருந்தது. பம்பில் எங்கோ கசிவு. தரையெல்லாம் ஈரம். கிரேக்கன் மூலையில், பொன்னுத்துரையின் வேட்டியோடு, சுவரில் சாய்ந்து நின்றான். மஞ்சள் பூசிய நெஞ்சு, குங்குமம், காய்ந்த செவ்வந்தி மாலை, எதிரில் ஓர் அகல் விளக்கு. பீடமும் மரக்கட்டையும் ஈரத்தில் ஊறிக் களியாகியிருந்தன. வலது கால் கணுக்காலுக்குக் கீழே இல்லை. பாரம் தாங்கிய கால் போய், சும்மா தளர்ந்து நின்ற கால் மிச்சம் இருந்தது.

அறிவுச்செல்வி ஊன்றுகோலை ஷைனியிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். இடது கையால் வேட்டி முடிச்சை அவிழ்த்தாள். முத்துப்பேச்சி, "ஐயோ அண்ணி" என்று திரும்பிக்கொண்டாள். கை அவன் தோளிலிருந்து முதுகுப் பள்ளம் வழியாக இடுப்பு வரை இறங்கியது. கோடு அப்படியேதான் இருந்தது. கால் போனது கோட்டுக்குத் தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போங்க அண்ணி" என்றாள் முத்துப்பேச்சி, சுவரைப் பார்த்தபடி. "இனி நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க நிக்கறீங்க, அது போதுமுங்க."

அறிவுச்செல்வி அவள் தலையில் கையை வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மஞ்சள் முத்துப்பேச்சியின் வகிட்டில் ஒட்டிக்கொண்டது.

நாகல் நகருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நியாஸும் பொன்னுத்துரையும் கிரேக்கனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். எங்கே வைப்பது? நிற்க மாட்டான். சுவரில் சாய்த்தால் வழுக்குகிறான்.

அறிவுச்செல்வி ஊன்றுகோலை நீட்டி வாடகைக் கட்டிலைக் காட்டினாள்.

"அப்ப நீங்க?" என்றாள் ஷைனி.

உள்ளறையைக் காட்டினாள். அங்கே அவர்களுடைய பழைய தேக்குக் கட்டில் இருந்தது.

கிரேக்கனைப் படுக்க வைத்தார்கள். ஷைனி பழக்கத்தில் துண்டைச் சுருட்டி அவன் வலது கெண்டைக்கால் அடியில் வைத்தாள். வைத்த பிறகுதான் காப்பாற்ற அங்கே குதிகாலே இல்லை என்று கவனித்தாள். சிரித்தாள். ஆனால் துண்டை எடுக்கவில்லை. நியாஸ், "வேட்டி கட்டிவிடவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினான்.

அத்தனை வருஷம் அவன் நின்றான், அவள் உட்கார்ந்து பார்த்தாள். இப்போது அவன் படுத்திருக்க, அவள் நின்றாள். கட்டிலின் தலைமாட்டில் தலையணை அப்படியே உப்பிக் கிடந்தது. அதில் வைக்க அவனுக்குத் தலை இல்லை. பளிங்குக்கும் தலை இல்லை என்று புத்தகத்தில் பார்த்திருந்தாள். வெண்கலத்துக்கு இருந்திருக்கும். அந்த முகத்தை இன்று உயிரோடு இருக்கும் ஒருவரும் பார்த்ததில்லை.

அவள் மேசைக்கு நடந்து போனாள். பேனாவை எடுத்து அதே இரண்டு சாய்கோட்டைப் போட்டாள். அதற்கு முன்னால், இந்தப் பக்கம், அலை அலையாக ஒரு நீளக் கோடு இழுத்தாள். காகிதத்தைப் பொன்னுத்துரையிடம் நீட்டினாள்.

"தண்ணியா? வாய்க்காலா?" என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "கடலா?"

அவள் தலையாட்டினாள்.

"ஏரோப்பிளான்ல அம்புட்டு நேரம் ஒக்காரணுமே அறிவு."

"நடு நடுவுல எந்திரிச்சு நடக்கணும், இல்லேன்னா கால்ல ரத்தம் கட்டிக்கிரும்" என்றாள் ஷைனி உள்ளேயிருந்து. "அதுக்கு மொதல்ல படி ஏறப் பழகணும். நாளைக்குக் காலையில ஆரம்பிப்போம்."

பொன்னுத்துரை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. தலை வைத்த பள்ளம் விழாத அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டு, முட்டி நடுங்கும் வரை நின்றாள்.